கடப்பாக்கல்லும் கற்கால மனிதனும்

விருதுநகர் வட்டாரத்தில் எந்த வீட்டு அடுப்பங்கரைக்குள் நுழைந்தாலும் அந்தக் கல்லைக் காணலாம். கரும்பலகை போல மழமழவென்று கிடக்கும். கடப்பாக்கல் என்போம். அதன்மேல் காய் நறுக்கலாம், மாவு பிசையலாம், சட்டி இறக்கி வைக்கலாம். எதற்கும் அது முகம் சுளிப்பதில்லை. ஆனால் எலுமிச்சம்பழம் பிழிந்து, சிந்திய சாற்றைத் துடைக்காமல் விட்டுவிட்டால், சாறு பட்ட இடம் வெளுத்துவிடும். எத்தனை முறை தேய்த்தாலும் அந்தத் தழும்பு போகாது. "கல்லைக் கெடுத்துவிட்டாயே!" என்று என் அன்னையார் என்னைக் கடிந்துகொண்டது இன்றும் நினைவிருக்கிறது.

அந்தத் தழும்பிலே ஒரு வரலாறு அடங்கிக் கிடக்கிறது, தோழர்களே! கல் என்றால் கரையாதது என்று எண்ணுகிறோம். இந்தக் கல் கரையும். புளிப்புப் பட்டால் கரையும். எலுமிச்சைச் சாறு ஒரு பொழுதிலே ஒரு தழும்பை உண்டாக்குகிறது. அதனினும் மிக மெல்லிய புளிப்புடைய மழைநீர், இலட்சக்கணக்கான ஆண்டுகள் இடைவிடாமல் கசிந்தால்? தழும்பு குழியாகும், குழி குடைவாகும், குடைவு குகையாகும். அந்தக் குகைக்குள் விலங்கு புகும். மனிதனும் புகுவான். தீ மூட்டுவான், தின்ற எலும்பை எறிவான், எறிந்த எலும்பை மண் மூடும். ஓலையில்லை, எழுத்தாணியில்லை, ஆயினும் ஓர் ஏடு எழுதப்பட்டுவிடும். அந்த ஏட்டை யார் படித்தார்கள், யார் படிக்காமல் விட்டார்கள் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

கடப்பாக்கல் வருகின்ற நாடு நமக்கு அயல்நாடு அன்று. கடப்பையும் கர்நூலும் 1953 அக்டோபர் முதல் நாள்வரை சென்னை மாநிலத்தின் பகுதிகள். நம் பாட்டனார் படித்த பள்ளிக்கூடத்து நிலப்படத்தில் இராமநாதபுரமும் கர்நூலும் ஒரே வண்ணத்தில்தான் தீட்டப்பட்டிருந்தன. 1839இல் நவாபிடமிருந்து கும்பினியார் பறித்துக்கொண்ட ஊர் கர்நூல். ஆந்திரம் பிரிந்தபோது 1956வரை அதன் தலைநகராக இருந்ததும் அவ்வூரே. 2022இல் அம்மாவட்டத்தைப் பிரித்து நந்தியால் மாவட்டம் உண்டாக்கினார்கள். நான் சொல்லப்போகும் ஊர்கள் எல்லாம் இன்று அந்த நந்தியால் மாவட்டத்தில் இருக்கின்றன. பேத்தம்செர்லா என்றால் நம்மவர்க்கு விளங்காது; கொலிமிகுண்ட்லா என்றால் நாக்குச் சுளுக்கும். ஆனால் பங்கனபள்ளி என்றால் போதும், மாம்பழம் நினைவுக்கு வந்துவிடும்! அந்த மாம்பழத்து மண்ணுக்கு அடியிலே படுத்திருப்பதுதான் சுண்ணாம்புக்கல். 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னே, ஆழமில்லாத ஒரு கடலின் அடியில் படிந்த சேறு இறுகிக் கல்லானது. அந்தக் கடலின் அடிச்சேற்றின் மீதுதான் இன்று நாம் காய் நறுக்குகிறோம்.

கல் எப்படிக் குகையாகிறது என்பதை என் மாணவர்களுக்கு விளக்க நினைத்தேன். நானோ கலைப் பட்டம் பெற்றவன். வரலாறு சொல்வேன், வேதியியல் என்றால் பக்கத்து வகுப்பு ஆசிரியரைத்தான் நாடவேண்டும். அவர் சிரித்துக்கொண்டே ஒரு கண்ணாடிக் குவளையையும் ஒரு குழலையும் கொடுத்தார். வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பை நீரில் கலக்கி, தெளிய விட்டு, மேல்நீரை மட்டும் குவளையில் எடுத்துக்கொண்டோம். அந்தத் தெளிநீருக்குள் குழலை விட்டு ஒரு மாணவன் ஊதினான். நீர் பால் போல் வெளுத்தது. மூச்சிலுள்ள கரியமில வாயு நீரிலிருந்த சுண்ணாம்போடு சேர்ந்து, மீண்டும் சுண்ணாம்புக்கல்லாகிவிட்டது. தூளாக மிதக்கிறது, அவ்வளவே. "இன்னும் ஊது" என்றேன். மாறி மாறி நால்வர் ஊதினார்கள். கன்னம் வலித்தது, கண் பிதுங்கியது. சற்று நேரத்தில், என்ன விந்தை, பால் மறைந்து நீர் மீண்டும் தெளிந்தது! கரியமில வாயு மிகுந்தபோது அந்தக் கல்தூள் நீரிலே கரைந்துவிட்டது. பிறகு அந்த நீரைச் சூடாக்கினோம். வாயு வெளியேறியது, கல் மீண்டும் வெளுத்து வந்தது.

அந்த ஒரு குவளைக்குள் குகையின் வரலாறு முழுவதும் நடந்து முடிந்துவிட்டது. மழைநீர் மண்ணிலே இறங்கும்போது, அழுகும் இலைகளிடமிருந்தும் வேர்களிடமிருந்தும் கரியமில வாயுவை வாங்கிக்கொள்கிறது. அந்த நீர் பாறைப் பிளவில் நுழைந்து கல்லைக் கரைக்கிறது. குகைக் கூரையை அடைந்து சொட்டும்போது வாயு பிரிகிறது. கரைந்த கல் மீண்டும் படிகிறது. கூரையிலே படிந்தால் விழுது போலத் தொங்குகிறது. தரையிலே படிந்தால் முளை போல எழுகிறது. ஒரு விரற்கடை உயரம் வளர ஒரு நூற்றாண்டுக்கு மேலும் ஆகலாம். 

சென்ற ஆண்டு விடுமுறையில் நண்பர் இருவரோடு பேலம் என்ற ஊருக்குச் சென்றேன். கொலிமிகுண்ட்லாவுக்கு அருகில், வானம் பார்த்த வயல்களின் நடுவே இருக்கிறது அச்சிற்றூர். மலையைத் தேடினேன், மலை இல்லை. தரையிலே கிணறு போல ஒரு பள்ளம், அதற்குள் படிக்கட்டு. இறங்கினால் கண்ணுக்கெட்டிய வரை கல்வெளி! 3,229 மீட்டர் நீளம் அளந்திருக்கிறார்கள். காற்றில்லாத வெக்கை, ஐந்து நிமிடத்தில் சட்டை நனைந்துவிட்டது. பாறைச் சுவர் அலையலையாக, ஆற்றுநீர் சீவிவிட்ட தடம் மாறாமல் நிற்கிறது. மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு சிற்றோடை ஓடி மறைகிறது. அதற்குப் பெயர் பாதாளகங்கை. இன்னொரு அறையில் தரையெங்கும் கல்முளைகள். அதற்குப் பெயர் கோடிலிங்கம். வழிகாட்டி அந்த இடம் வந்ததும் குரலைத் தாழ்த்தினார். எங்கள் முன்னே சென்ற குடும்பத்தார் கைகூப்பினார்கள்.

கைகூப்பியவரை நான் எள்ளவில்லை. இருட்டிலே, வியர்வையிலே, திடீரென்று அப்படி ஒரு காட்சியைக் கண்டால் எவர்க்கும் ஒருகணம் மெய்சிலிர்க்கும். எனக்கும் சிலிர்த்தது. ஆனால் சிலிர்ப்பு எங்கே முடிகிறது, சிந்தனை எங்கே தொடங்குகிறது என்பதல்லவா கேள்வி? எங்கள் குவளையில் நான்கு சிறுவர்கள் ஊதி உண்டாக்கிய வெண்தூளும், அந்த அறையிலே நிற்கும் கோடி உருவங்களும் ஒரே பொருள். அது அவர்களுக்குத் தெரிந்திருந்தால் கை தாழ்ந்திருக்குமா என்பது எனக்குத் தெரியாது. மேலே கூரையை அண்ணாந்து பார்த்திருப்பார்கள், அதுமட்டும் உறுதி. சொட்டு அங்கிருந்துதானே வருகிறது!

பேலத்தை விட்டுப் பேத்தம்செர்லாப் பக்கம் சென்றால் இன்னொரு குகைக் கூட்டம். வெள்ளையர் தம் ஏடுகளில் 'பில்லா சுர்கம்' என்று எழுதினார்கள். இன்று 'பில்வ சுவர்க்கம்' என்றும் வழங்குகிறார்கள். பெயரிலே சுவர்க்கம்! கிடைத்ததோ எலும்பு!

அந்த எலும்பின் அருமை விளங்கவேண்டுமானால், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்திய ஒரு வழக்கைத் தெரிந்துகொள்ளவேண்டும். மனிதன் இவ்வுலகில் தோன்றி எத்தனை காலம் ஆயிற்று? அதுதான் வழக்கு. அயர்லாந்துப் பேராயர் அஷர் 1650இல் விவிலியத்தின் தலைமுறைகளைக் கூட்டிக் கணக்கிட்டு, கி.மு. 4004இல் உலகம் படைக்கப்பட்டது என்றார். ஐரோப்பா அதை நம்பிற்று. நம் நாட்டுப் புராணிகர்களோ கஞ்சத்தனம் அறியாதவர்கள்! கலியுகம் ஒன்றுக்கே 4,32,000 ஆண்டுகள் அளந்து கொட்டினார்கள். "பார்த்தீர்களா, மேனாட்டார் ஆறாயிரம் என்றபோது நம் முன்னோர் இலட்சங்கள் என்றார்கள்!" என்று இன்றும் சிலர் மீசை முறுக்குவதுண்டு. பெரிய எண்ணைச் சொன்னதனாலேயே ஒருவன் அறிவாளியாகிவிடுவானா? எப்படி எண்ணினாய் என்று கேட்டால், அஷரிடமும் விடையில்லை, புராணத்திடமும் விடையில்லை. தோண்டி எடுத்துக் காட்டுகிறேன் என்று முன்வந்தவனிடம்தான் விடை இருந்தது.

பிரான்சு நாட்டின் சோம் ஆற்றுச் சரளைமேட்டில், அழிந்துபோன விலங்குகளின் எலும்போடு மனிதன் கொத்திய கற்கோடரிகளும் கிடக்கின்றன என்பதை 1859இல் ஆங்கில அறிஞர்கள் நேரில் சென்று கண்டு ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டு நான்கே ஆண்டுகள். 1863 மே 30ஆம் நாள், சென்னையை அடுத்த பல்லாவரத்தில், படை அணிவகுப்புத் திடலருகே தோண்டியிருந்த ஒரு சரளைக் குழியில் குனிந்து ஒரு கல்லை எடுத்தார் ஓர் இளைஞர். ராபர்ட் புரூஸ் ஃபூட் என்பது பெயர், நிலவியல் துறை ஊழியர், வயது இருபத்தெட்டு. எடுத்த கல் மனிதன் செய்த கருவி! இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதற்சான்று அன்று நம் மண்ணிலே கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அத்திரம்பாக்கத்திலும் கண்டார். அத்திரம்பாக்கத்தின் கருவிகளில் மிகப் பழையவை 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று 2011இல் சாந்தி பப்புவும் அவரோடு உழைத்தவர்களும் அறிவித்ததை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

கருவி கிடைத்தது, அதைச் செய்தவனின் எலும்பு கிடைக்குமா? அதற்குத்தான் குகை வேண்டியிருந்தது. ஆற்றுச் சரளையிலே எலும்பு மட்கும். சுண்ணாம்புக் குகையிலே எலும்பு நிற்கும், ஏனெனில் எலும்பைத் தின்னும் புளிப்பை அந்த மண் அடக்கிவிடுகிறது. பில்லா சுர்கத்தில் எலும்பு கிடைக்கிறது என்பதைக் கேப்டன் நியூபோல்டு என்ற சென்னைப் படை அதிகாரி 1844இலேயே எழுதியிருந்தார். எழுதியதை எவரும் பொருட்படுத்தவில்லை. நாற்பதாண்டுகள் உருண்டன. டார்வினின் கொள்கைக்காகப் பேராயர்களோடு வாதிட்ட அறிஞர் ஹக்ஸ்லி தூண்ட, சென்னை ஆளுநராயிருந்த கிராண்ட் டஃப் ஆவன செய்ய, ஃபூட் அந்தக் குகைகளைத் தேடிச் சென்றார். 1884-85இல் அவருடைய மகன், பீரங்கிப் படையில் துணைநிலை அதிகாரியாயிருந்த ஹென்றி, அங்கே தங்கித் தோண்டினார். இருட்டிலே மண்வெட்டிக் கூடை சுமந்த உழைப்பாளிகள் எத்தனை பேரோ!

தோண்டிய குகைகளுக்கு ஃபூட் வைத்த பெயர்களைக் கேளுங்கள். ஒன்று பேராலயக் குகை. ஒன்று பிணக்கிடங்கு. ஒன்று, சாவுக்கும் சுவர்க்கத்துக்கும் இடைப்பட்ட கத்தோலிக்க நெருப்பிடத்தின் பெயர். நம்மவர் லிங்கம் கண்டார்கள், அவர் மாதாகோயில் கண்டார். ஊறிய பழக்கம் அறிவாளியையும் விடுவதில்லை! ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. பெயர் வைத்துவிட்டு அவர் கும்பிட்டுத் திரும்பவில்லை; மண்வெட்டியை எடுத்தார். ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே தோண்டி, எந்த எலும்பு எந்த ஆழத்தில் என்று குறிக்கச் செய்தார்.

எலும்புகளை ஆராய்ந்தவர் லிடெக்கர். 1886இல் அவர் முடிவுகளை வெளியிட்டார். மானும் பன்றியும் முள்ளம்பன்றியும் குரங்கும் இருந்தன. இன்று உலகில் எங்கும் இல்லாத ஒரு காண்டாமிருகமும் இருந்தது. கர்நூலின் பெயரையே அதற்குச் சூட்டினார். கர்நூல் வறட்டு நிலத்திலே காண்டாமிருகம்! அது வாழப் புல்லும் நீரும் எவ்வளவு இருந்திருக்கவேண்டும்? கண்டம் மாறவில்லை, காலம் மாறியிருக்கிறது.

எலும்புகளுள் சில, மனிதன் வெட்டிச் சீவிக் கூராக்கியவை என்று ஃபூட் துணிந்தார். பிரான்சு நாட்டு மக்தலேன் குகையில் கிடைத்த எலும்புக் கருவிகளை அவை நினைவூட்டுகின்றன என்றார். ஐயம் கிளம்பிற்று. எலும்பைக் கொறிப்பது முள்ளம்பன்றியின் வழக்கம். அதன் பல் பட்ட எலும்பும் சில வேளை கத்தி பட்டது போலத் தோன்றும். ஐயப்பட்டவர்களை நான் குறை கூறமாட்டேன். ஐயம் அறிவின் தாய். ஆனால் ஐயம் எழுந்தால் என்ன செய்யவேண்டும்? மீண்டும் சென்று தோண்டவேண்டும். அதைத்தான் நெடுங்காலம் எவரும் செய்யவில்லை.

ஃபூட் ஒப்பிட்டுப் பேசிய அந்தப் பிரெஞ்சு நாட்டுக்கு இப்போது நாமும் ஒருமுறை சென்று வருவோம். தென்மேற்குப் பிரான்சில் தொர்தோஞ் என்றொரு மாவட்டம். அதிலே வெஸேர் என்றொரு சிற்றாறு. ஆற்றங்கரையில் சுண்ணாம்புக்கல் செங்குத்துப் பாறைகள். பாறையின் அடியில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்கும் வீடுகள். ஊரின் பெயர் லேஸெஸி. மிகச் சிறிய ஊர். உழவும் ஆடுமாடும் அவ்வூரின் அன்றைய பிழைப்பு. நம் சூலக்கரையை அங்கே கொண்டுபோய் வைத்தால் அது பட்டணமாகத் தோன்றும்!

ஃபூட் பல்லாவரத்தில் குனிந்த அதே 1863இல், அந்த வெஸேர்க் கரையிலே லார்த்தே என்ற பிரெஞ்சு அறிஞரும் கிறிஸ்டி என்ற ஆங்கிலச் செல்வரும் தோண்டத் தொடங்கினார்கள். மறு ஆண்டு, மக்தலேன் பாறையடியில், யானைத் தந்தத் துண்டு ஒன்று கிடைத்தது. அதன்மேல் கீறப்பட்டிருந்தது ஓர் உருவம். மயிரடர்ந்த யானை! மம்மத் என்கிறோமே, அழிந்தொழிந்த அந்த இனம். எந்த அருளாளர் கனவு கண்டும் அதை வரைந்திருக்க முடியாது. கண்ணால் கண்டவன்தான் கீறியிருக்க முடியும். மனிதனும் மம்மத்தும் ஒரே காலத்தில் வாழ்ந்தார்கள் என்பதற்கு மம்மத்தின் தந்தமே ஓலையாயிற்று. 1868இல் அவ்வூரில் வழி அமைக்க மண் வெட்டிய தொழிலாளர் கையில் மனித எலும்புக்கூடுகள் அகப்பட்டன. அந்தப் பாறையடியின் பெயர் குரோ-மாஞ்ஞோன். உலகப் பாடநூல்களில் எல்லாம் அந்தப் பெயர் ஏறிவிட்டது.

அங்கும் எல்லாம் நல்லபடி நடந்ததாக எண்ணிவிட வேண்டா. கண்டெடுத்ததைக் காசுக்கு விற்றவர்கள் அங்கும் இருந்தார்கள். ஹௌசர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் நிலங்களைக் குத்தகைக்கு எடுத்துத் தோண்டி, இரண்டு எலும்புக்கூடுகளைப் பெர்லின் நகரத்துக்கு விற்றுவிட்டார். அறிஞர்களும் ஒழுங்காக நடந்துகொள்ளவில்லை. பக்கத்து நாடான ஸ்பெயினில், 1879இல், அல்தமிராக் குகைக்குத் தன் சிறு மகளோடு சென்ற சாத்துவோலா என்பவர், கூரையிலே கற்கால மனிதன் தீட்டிய எருதுகளைக் கண்டார். முதலில் கண்டது அந்தக் குழந்தைதான். உலகத்துக்குச் சொன்னார். அறிஞர் மாநாடு நம்ப மறுத்தது. போலி என்ற பழி சுமந்தே 1888இல் மாண்டார். காட்டுமிராண்டிக்கு ஓவியம் வருமா என்பது அந்த அறிஞர்களின் மூடநம்பிக்கை. மூடநம்பிக்கைக்குப் பூணூலும் சிலுவையும்தான் வேண்டும் என்பதில்லை, பட்டமும் போதும்!

அந்த அறிஞர்களின் கண்ணைத் திறந்த ஊர் எது தெரியுமா? லேஸெஸிதான். திறந்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர்!

தெனி பெய்ரோனி என்பது அவர் பெயர். சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்தவர். ஓய்ந்த நேரத்தில் பாறையடிகளில் அலைந்து, படித்து, கேட்டு, தோண்டிக் கற்றுக்கொண்டார். 1901 செப்டம்பரில், கப்பித்தான், பிரய் என்ற இருவரோடு சேர்ந்து, ஊரருகே கோம்பரெல் குகையிலே கீறல் உருவங்களையும், சில நாள்களுக்குள்ளேயே ஃபோன்-தெ-கோம் குகையிலே வண்ண ஓவியங்களையும் அவர்கள் கண்டறிந்தார்கள். இனி மறுக்க முடியுமா? மறுத்தவர்களின் தலைவராக விளங்கிய கார்த்தையாக், 1902இல், 'நான் பிழை செய்தேன்' என்று அச்சிலே ஒப்புக்கொண்டார். பெரிய மனிதர்தான், ஐயமில்லை. ஆனால் சாத்துவோலா அதைப் படிக்க உயிரோடு இல்லை.

பெய்ரோனி அத்தோடு நிற்கவில்லை. ஊரின் தலைமேல் இருந்த இடிந்த கோட்டையை 1913இல் அரசு வாங்கியது; அதை அருங்காட்சியகமாக்கினார் அவர். கிடைத்தது ஊரைவிட்டுப் போகாது என்ற நிலை வந்தது. 1979இல் அந்தப் பள்ளத்தாக்கின் குகைகள் உலக மரபுச் சின்னங்களாயின. இன்று அங்கே தேசிய அருங்காட்சியகம் நிற்கிறது. முந்நூறு மாணவர்களின் விடைத்தாளைத் திருத்திவிட்டு இரவிலே இதை எழுதுகிற எனக்கு, அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் ஒரு பொறாமை எழுகிறது. மறைப்பானேன்?

இனி நம் பக்கம் திரும்புவோம். அங்கேயும் சுண்ணாம்புக்கல், இங்கேயும் சுண்ணாம்புக்கல். அங்கே தொடங்கிய அதே இருபதாண்டுக்குள் இங்கேயும் தொடங்கினார்கள். பிறகு என்ன ஆயிற்று? ஃபூட் 1891இல் ஓய்வுபெற்றார், ஏற்காட்டில் வாழ்ந்தார், 1912இல் மறைந்தார். தாம் திரட்டிய பழம்பொருள்களை 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்து விலைபெற்றார். இந்திய மாநிலங்கள் பலவற்றின் கற்காலம் எழும்பூரிலே பெட்டிகளுக்குள் அடுக்கப்பட்டது. பில்லா சுர்கத்துக்கு மேலே மாடு மேய்த்தவருக்கும், பேத்தம்செர்லாவில் கல் உடைத்தவருக்கும், அவ்வூர்ப் பள்ளியில் படித்தவனுக்கும் அதில் ஒரு சொல்லேனும் போய்ச் சேர்ந்ததா? ஆங்கிலத்தில் எழுதினார்கள், ஆங்கிலத்திலேயே அடக்கம் செய்தார்கள். பெய்ரோனி படித்த அறிக்கை அவருடைய நாட்டு மொழியில் இருந்தது. தெலுங்குச் சிற்றூர் ஆசிரியனுக்கு எந்த மொழியில் இருந்தது? தம்பி, ஆற்றல் குறைவென்று சொல்லாதே. ஏடு கைக்கு எட்டவில்லை என்று சொல்.

குகை மண்ணைப் பற்றிச் சிவகாசித் தோழர்களுக்கு ஒரு செய்தி. வெளவால் எச்சமும் விலங்குக் கழிவும் மட்கிய குகை மண்ணிலே வெடியுப்பு விளையும். இன்று வெடியுப்பு ஆலையிலிருந்து மூட்டையாக வருகிறது. அன்று மண்ணைக் கரைத்து வடித்துத்தான் எடுக்கவேண்டும். அமெரிக்காவின் கென்டக்கியில் மம்மத் குகையின் தரையை 1812ஆம் ஆண்டுப் போரின்போது அடிமைகளைக் கொண்டு வெட்டி, வெடிமருந்துக்கு உப்பு எடுத்தார்கள். அந்த மண்ணோடு எத்தனை பக்கங்கள் புகைந்தனவோ!

கர்நூலின் பக்கங்கள் முற்றும் புகைந்துவிடவில்லை. 1927இல் கம்மியாடு என்பவர் அந்த எலும்புக் குகைகளைப் பற்றி மீண்டும் எழுதினார். 1970களில் மூர்த்தி, திம்மா ரெட்டி ஆகியோர் முச்சட்ல சிந்தமானு கவி என்ற குகையிலே தோண்டினார்கள். எலும்புக் கருவிகள் கிடைத்தன. கூடவே கல் அலகுகளும் கிடைத்தன. ஓர் அடுப்பும் கிடைத்தது. ஆம், தீ மூட்டிய அடுப்பு! சுட்ட மண் தன்னுள் தேக்கி வைத்திருக்கும் ஒளியை அளந்து வயது கணக்கிட்டபோது, ஏறத்தாழ 17,000 ஆண்டுகள் என்று தெரிந்தது. முள்ளம்பன்றி அடுப்பு மூட்டாது அல்லவா? ஃபூட் சொன்ன எலும்புகள் ஒவ்வொன்றும் கருவிதானா என்பது வேறு. அக்குகைகளிலே எலும்பைக் கருவியாக்கிய மனிதன் வாழ்ந்தான் என்பது நிலைபெற்றுவிட்டது. தொண்ணூறு ஆண்டுகள் கழித்து!

பேலத்தின் கதை இன்னும் வருத்தமானது. பிறகு சற்றே இனிமையானது. 1982-83இல் ஜெர்மனியிலிருந்து கெபாவர் என்பவர் ஒரு குழுவோடு வந்து அந்தக் குகையை அடியடியாக அளந்தார். ஆனால் 1980களின் இறுதிவரை அந்தக் கிணற்று வாய்களிலே சுற்றுப்புறத்தார் குப்பையைக் கொட்டிவந்தார்கள். கொட்டியவர்கள் கொடியவர்கள் அல்லர். பள்ளம் கண்டால் குப்பை கொட்டுவது எந்த ஊரில் இல்லை? ஓய்வுபெற்ற காவல்துறை அதிகாரி ஒருவரும் ஊரார் சிலரும் விடாமல் முயன்று அதை நிறுத்தினார்கள். மாநிலச் சுற்றுலாத் துறை 1999இல் பொறுப்பேற்று, தூர்வாரி, விளக்கிட்டு, 2002இல் திறந்தது. இன்று அவ்வூர் மக்கள் சிலருக்கு அதனால் பிழைப்பும் நடக்கிறது. நாங்கள் குடித்த தேநீர் ஒரு பெண்மணியின் தள்ளுவண்டியில்தான். "உள்ளே என்ன பார்த்தீர்கள்?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டார். அவர் அதுவரை உள்ளே சென்றதில்லையாம்.

இன்னோர் ஊர், பங்கனபள்ளிப் பக்கம் சுவாலாபுரம். ஊரருகே மண்ணுக்கடியில் வெள்ளைப் பொடி படுகையாக இருந்தது. மக்கள் தோண்டி விற்றுவந்தார்கள். அது என்ன பொடி? 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராத் தீவில் தோபா எரிமலை வெடித்தபோது, கடல் கடந்து வந்து விழுந்த சாம்பல்! ரவி கொரிசெட்டர், பெட்ராலியா ஆகியோர் அங்கே தோண்டி, சாம்பலுக்கு அடியிலும் கற்கருவிகள், சாம்பலுக்கு மேலும் கற்கருவிகள் என்று 2007இல் அறிவித்தபோது அறிவுலகம் திரும்பிப் பார்த்தது. வானம் இருண்டு சாம்பல் பொழிந்த பிறகும் அங்கே மனிதன் வாழ்ந்திருக்கிறான்; அதுவும் ஏறத்தாழ முன்போலவே கல்லைச் செதுக்கிக்கொண்டு. எந்தப் பிரளயக் கதையும் எனக்கு இவ்வளவு வியப்பூட்டியதில்லை. அந்தச் சாம்பலைத்தான் மூட்டை கட்டி விற்றிருக்கிறார்கள். வேறு என்ன செய்வார்கள்? அதன் வயதை எவரும் அவர்களிடம் சொல்லவில்லையே. சொன்னாலும், வயது சோறு போடுமா என்று கேட்டால், நாம் என்ன விடை வைத்திருக்கிறோம்?

இதையெல்லாம் வகுப்பில் சொல்லி முடித்தபோது ஒரு மாணவன் எழுந்தான். "நம்ம பந்தல்குடியிலும் சுண்ணாம்புக்கல் எடுக்கிறார்களே சார், அங்கே குகை இருக்குமா?" என்றான். நல்ல கேள்வி. பந்தல்குடிக் கல் சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறிப் பளிங்குத் தன்மை பெற்றது. சமநிலத்தின் அடியில் பட்டையாகக் கிடக்கிறது. சிமெண்டு ஆலைக்குப் போகிறது. அங்கே பேலம் போன்ற குகை இருப்பதாக நான் அறியேன் என்றேன். அவன் முகம் வாடியது.

வாடவிடலாமா? அடுத்த விடுமுறை நாளில் பன்னிரண்டு மாணவர்களை வெம்பக்கோட்டைக்கு அழைத்துச் சென்றேன். வைப்பாற்றங்கரையில் விஜயகரிசல்குளத்து மேட்டில் 2022இலிருந்து தமிழக அரசின் தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியிருக்கிறது. சங்கு வளையல், மணி, சுடுமண் பொருள் என்று எத்தனையோ கிடைத்திருக்கின்றன. அவற்றோடு, விரல் நகத்தளவே உள்ள கற்கருவிகளும். சிறுவர்கள் தங்கத்தின் முன் சற்றே நின்றார்கள். அந்தச் சின்னஞ்சிறு கற்களின் முன்தான் நெடுநேரம் நின்றார்கள். காரணம் எளிது, தங்கம் அவர்கள் வீட்டுக் காட்டிலே கிடைக்காது, கல் கிடைக்கும்!

மறுநாள் காலை வகுப்பறைக்குள் நுழைந்தேன். மேசைமேல் பதினேழு கற்கள். கரிசல் காட்டில், கண்மாய்க் கரையில், உழுத சாலில் பொறுக்கியவை. எந்தக் கல் எந்த இடத்தில் கிடைத்தது என்று ஒவ்வொன்றின் கீழும் காகிதத் துண்டில் எழுதி வைத்திருந்தார்கள். பதினாறு வெறும் சரளை, தயங்காமல் சொல்லிவிட்டேன். ஒன்றை மட்டும் காகிதத்தோடு மடித்து எடுத்து வைத்திருக்கிறேன். தெரிந்தவர் ஒருவரிடம் காட்டவேண்டும்.